விரலுக்கு மூளை கிடையாது

இன்ஜினியரிங் ஹாஸ்டலில் நாங்கள் டெக்கன் 3 ஆடியது ஒரே கீபோர்டில். இடது பக்கம் நான், வலது பக்கம் என் ரூம்மேட். அந்த மலிவான கீபோர்டில் ஒரே நேரத்தில் மூன்று நான்கு கீகளுக்கு மேல் அழுத்தினால் மிச்சம் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேராது. இது தெரிந்த ரூம்மேட், நான் அடிக்க வரும் நேரம் பார்த்து தன் பக்கம் மூன்று கீகளை ஒன்றாக அமுக்கிப் பிடித்துக்கொள்வான். என் ஆள் பஸ் ஸ்டாப்பில் நிற்பவன் மாதிரி நிற்பான். அவனுடைய ஆள் எடி கோர்டோ. பிரேசிலின் கப்போய்ரா ஆடுபவன். உதை பட்டன் இரண்டையும் மாற்றி மாற்றித் தட்டினாலே போதும், தலைகீழாகச் சுழன்று சுழன்று காலால் வீசுவான். டெக்கன் 3 ஆடிய எல்லோருடைய வாழ்க்கையிலும் ஒரு எடி கோர்டோக்காரன் இருந்திருப்பான்.

எனக்குக் கோபம் தலைக்கேறும். நான் மூவ் லிஸ்ட்டை மனப்பாடம் பண்ணியவன். பத்து அடி காம்போ கையில் தண்ணியாக வரும். அவனுக்கு ஒரு மூவின் பெயர்கூடத் தெரியாது. "இது திறமையே இல்லடா, சும்மா பட்டன் தட்டுற" என்பேன். அவன் பதில் சொல்ல மாட்டான். ஸ்கோரைக் காட்டுவான்.

"இது திறமையே இல்லை" என்ற அந்த வாக்கியத்தை அதன்பிறகு பல வருஷங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பாதி வருஷம் நானே சொல்லியும் இருக்கிறேன். எந்தச் சண்டை கேமுக்கு அதிகத் திறமை வேண்டும் என்று யாராவது கேட்டால் போதும், உடனே ஒரு பட்டியல் வரும். எந்த கேமில் விரல் அதிகம் வலிக்குமோ அது முதலிடம். எதில் பட்டனைச் சரியான நொடியில் அழுத்துவது கஷ்டமோ அது இரண்டாமிடம். எளிதாக ஆடக்கூடியது எதுவோ அது குழந்தைகளுக்கானது. இந்தப் பட்டியல் தப்பு என்பதுதான் என் கட்சி. சின்னத் தப்பு இல்லை, அடிப்படையிலேயே தப்பு.

*

முதலில் எதிர்க்கட்சியின் வாதத்தை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். அதன் கவர்ச்சி எனக்குத் தெரியும்.

சண்டை கேம்கள் பெரும்பாலும் நொடிக்கு 60 ஃபிரேமில் ஓடுகின்றன. ஒரு ஃபிரேம் என்பது சுமார் 16.7 மில்லி செகண்ட். டெக்கனில் மிஷிமா குடும்பத்து ஆட்களுக்கு எலக்ட்ரிக் விண்ட் காட் ஃபிஸ்ட் என்று ஒரு அடி உண்டு. முன்னால், நடு, கீழே, பிறகு கீழ்முன் மூலையும் குத்து பட்டனும் ஒன்றாக. அந்தக் கடைசி இரண்டும் ஒரே ஃபிரேமில் விழ வேண்டும். விழுந்தால் கையில் மின்னல் பறக்கும். எதிராளி பிளாக் பண்ணினாலும் அடுத்த முறை நமக்குத்தான். டெக்கன் 7 கணக்கில் 5 ஃபிரேம் சாதகம். ஒரு ஃபிரேம் தப்பினால் அதே அடி சாதாரண அடியாக வரும். பிளாக் பண்ணினால் 10 ஃபிரேம் பாதகம், திருப்பி வாங்க வேண்டியதுதான். ஒரு கண் சிமிட்டலைவிடக் குறைவான நேரம், பரிசுக்கும் தண்டனைக்கும் நடுவில் நிற்கிறது.

கொரியன் பேக்டாஷ் என்று ஒன்று. பின்னால் தாவி, அந்தத் தாவலைக் கீழ்மூலையில் அறுத்து, மறுபடி தாவி, மறுபடி அறுத்து, இடது மணிக்கட்டைத் தறி மாதிரி ஓட்ட வேண்டும். 2001-இல் வந்த சூப்பர் ஸ்மாஷ் ப்ரோஸ் மெலீயில், தரையிறங்குவதற்கு முந்தைய 7 ஃபிரேமுக்குள் தோள் பட்டனைத் தட்டினால் தரையிறங்கும் தாமதம் பாதியாகும். காற்றில் அடித்து இறங்கும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்ய வேண்டும், ஒரு ஆட்டத்தில் எத்தனை நூறு தடவையோ. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4-இல் ஒரு ஃபிரேம் மட்டுமே அவகாசம் தரும் இணைப்புகள் இருந்தன.

இதெல்லாம் கஷ்டம். நிஜமான கஷ்டம். எலக்ட்ரிக்கைக் கையில் வரவைக்க எனக்கு எட்டு மாதம் பிடித்தது. வேலை முடிந்து வந்து டிரெய்னிங் மோடில், திருப்பி அடிக்காத ஒரு பொம்மையின் முன்னால் ஒரு மணி நேரம். முதல் முறை தொடர்ந்து பத்து வந்தபோது பக்கத்து ரூமுக்குக் கேட்கும்படி கத்தினேன். அந்த சந்தோஷத்தை நான் கேலி செய்யப் போவதில்லை.

ஆனால் அதற்குப் பெயர் என்ன என்பதுதான் கேள்வி.

*

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தொழில் புத்தி சும்மா இருக்காமல், முப்பது வரியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். அது செய்வது ஒன்றே ஒன்று: எலக்ட்ரிக்குக்கான கட்டளைகளை ஃபிரேம் கணக்கில் அனுப்புவது. நேரத்தைக் கொஞ்சம் முன்பின் சரிசெய்த பிறகு நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் மின்னல் பறந்தது. எட்டு மாதத்தை ஒரு மதியத்தில் தின்றுவிட்டது.

ஊருக்கு வந்திருந்த அதே ரூம்மேட்டை வீட்டுக்குக் கூப்பிட்டேன். நகர்வதும் பிளாக் பண்ணுவதும் நான், அடிக்க மட்டும் ஒரு கீயைத் தட்டினால் போதும், எலக்ட்ரிக் வந்துவிடும். முதல் இரண்டு ரவுண்டில் அவனைப் பறக்க விட்டேன். மூன்றாவதிலிருந்து அவன் என் முன்னால் வந்து ஒரு அரை அடி நின்று, நான் கையை நீட்டும் நேரம் பார்த்துச் சட்டென்று குனிந்தான். எலக்ட்ரிக் உயரமான அடி. குனிந்தவன் தலைக்கு மேலே மின்னல் போனது. எழுந்து நிதானமாக என்னை அடித்தான். மறுபடி. மறுபடி. ஆட்டம் முடிந்ததும் கேட்டேன், எப்படிடா தெரியுது? "நீ பட்டனப் பாத்து ஆடுற மச்சி. நான் உன்னப் பாத்து ஆடுறேன்" என்றான்.

விரல்தான் திறமை என்றால் உலகத்திலேயே திறமையான ஆட்டக்காரர் அந்த முப்பது வரி ஸ்கிரிப்ட்தான். அதற்குக் கை நடுங்காது, வியர்க்காது, தப்பாது. ஆனால் அது ஒரு முட்டாள். எப்போது அடிக்கக் கூடாது என்று அதற்குத் தெரியாது. எனக்கும் தெரியவில்லை.

*

எண்களையே எடுத்துக்கொள்வோம். கண்ணில் ஒன்றைப் பார்த்துக் கை அசைய சராசரி மனிதனுக்கு 200 முதல் 250 மில்லி செகண்ட் ஆகும். அதாவது 12 முதல் 15 ஃபிரேம். டெக்கனில் வேகமான குத்து 10 ஃபிரேமில் வந்து விழும். ஸ்ட்ரீட் ஃபைட்டரில் 4 ஃபிரேமில் விழும் அடிகள் உண்டு. ஆக, பார்த்துத் தடுப்பது என்பதே பாதி நேரம் நடக்காத காரியம். வருவதற்கு முன்பே முடிவெடுத்திருக்க வேண்டும். ஜப்பானியர்கள் இதற்கு யோமி என்கிறார்கள். வாசிப்பு என்று அர்த்தம். எதிரில் இருப்பவனை வாசிப்பது.

2004 எவோ டோர்னமென்ட்டின் அந்த வீடியோவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3: தேர்ட் ஸ்ட்ரைக். டைகோ உமெஹராவின் கென்னுக்கு உயிர் ஒரு நூலளவு. பிளாக் பண்ணினாலும் அதில் குறையும் துளியிலேயே செத்துவிடுவான். எதிரில் ஜஸ்டின் வாங்கின் சுன்-லி சூப்பர் ஆர்ட்டை எடுக்கிறாள். 15 உதைகள். டைகோ பதினைந்தையும் பேரி பண்ணுகிறார். அடி விழும் கணத்தில் ஸ்டிக்கை முன்னால் தட்டுவதுதான் பேரி. பிறகு எழுந்து ஜஸ்டினை முடிக்கிறார். அரங்கம் அலறுகிறது.

அந்த வீடியோவைக் காட்டி "பாத்தியா, கைனா அது கை" என்பார்கள். நான் அதே வீடியோவை எதிர்ச்சாட்சியாகக் கூப்பிடுகிறேன். அந்தப் பதினைந்து தட்டல்களை இன்று எத்தனையோ பேர் செய்கிறார்கள். 2011-இல் வந்த ஆன்லைன் பதிப்பில் அதையே ஒரு பயிற்சியாக வைத்துவிட்டார்கள். தாளம் பழகினால் வரும். பழகினாலும் வராதது முதல் உதை. சூப்பர் தொடங்கித் திரை உறைந்த பிறகு முதல் உதைக்குப் பதில் யோசிக்க நேரமில்லை. ஜஸ்டின் இப்போது எடுப்பார் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். சாகக் கிடக்கும் ஒருவன், எதிராளியின் ஆசை எந்த இடத்தில் பொறுமையை மீறும் என்று கணக்குப் போட்டு, அந்த இடத்தில் போய் நின்றுகொண்டிருந்தான். டிரெய்னிங் மோடில் இருக்கும் பொம்மைக்கு ஆசை கிடையாது. அதனால் அது இதைக் கற்றுத் தராது.

இன்னொன்றையும் யாரும் சொல்வதில்லை. டைகோ அந்த டோர்னமென்ட்டை ஜெயிக்கவில்லை. இறுதியில் கேஓ என்று அழைக்கப்படும் கெஞ்சி ஒபாட்டாவிடம் தோற்றார். சரித்திரத்திலேயே பிரபலமான விரல்வித்தை நடந்த அன்று கோப்பை வேறொருவர் வீட்டுக்குப் போனது.

*

இதெல்லாம் சுவாரசியமான விவாதம்தானே, இதில் இவ்வளவு சூடாக என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம்.

மூன்று வருஷத்துக்கு முன் என் வலது மணிக்கட்டு போனது. பகல் முழுக்கக் கீபோர்டு, ராத்திரி முழுக்கக் கன்ட்ரோலர். காபி டம்ளரைத் தூக்கினால் முழங்கை வரை சுள்ளென்று இழுக்கும். டாக்டர் விளையாட்டை விடச் சொன்னார். வேலையை விடச் சொல்லவில்லை, அது அவருக்கே நடக்காது என்று தெரியும். ஆறு மாதம் தொடவில்லை.

2023-இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 வந்தது. அதில் மாடர்ன் என்று ஒரு கன்ட்ரோல் முறை. முன்னால், கீழே, கீழ்முன் என்று கட்டை விரலைத் திருகாமல், ஒரு திசையும் ஒரு பட்டனும் அழுத்தினால் ஷோரியுகென் வரும். இனாமாக இல்லை: குறுக்குவழியில் எடுத்தால் அடியின் வலு 20 சதவீதம் குறையும், சில அடிகள் மாடர்னில் கிடையவே கிடையாது. எனக்கு அது ஒரு கதவு. வலியில்லாமல் ஆட முடிந்தது. வாசிக்க முடிந்தது. ஜெயிக்கவும் முடிந்தது.

ஜெயித்தபோதுதான் ஆரம்பித்தது. ஆட்டம் முடிந்ததும் மெசேஜ் வரும். "மாடர்னா? த்தூ." நேரில் சந்திக்கும் ஒரு சின்ன குழுவில், மூத்த ஆட்டக்காரர் ஒருவர் என் கன்ட்ரோலரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "தம்பி, டிரெய்னிங் வீல கழட்டிட்டு வா, ஆடலாம்" என்றார். நான் மணிக்கட்டைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். சொன்னால் பரிதாபப்பட்டு அனுமதிப்பார்கள். எனக்கு அனுமதி வேண்டாம், எதிராளிதான் வேண்டியிருந்தது.

நியாயமாக ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: குதித்து வருபவனை ஒரே பட்டனில் அடித்து வீழ்த்துவது மாடர்னில் சுலபம், அது நிஜமான சாதகம். அந்த சாதகத்துக்கு 20 சதவீதம் போதுமான விலையா என்று சண்டை போடுங்கள், நானும் வருகிறேன். அது கணக்கு. ஆனால் "இது திறமையே இல்லை" என்பது கணக்கு இல்லை, வாசலில் போடும் கட்டை. நாமெல்லாம் நுழைவுத் தேர்வில் வளர்ந்தவர்கள். எது அதிகம் பேரை வடிகட்டுகிறதோ அது உயர்ந்தது என்று நம் ரத்தத்தில் ஏற்றிவிட்டார்கள். எத்தனை பேர் உள்ளே வரவில்லை என்பதை வைத்து உள்ளே நடப்பதன் தரத்தை அளக்கிறோம்.

சரித்திரம் வேறு நக்கல் செய்கிறது. இந்தக் காவலர்கள் புனிதமாகக் காக்கும் காம்போ என்பதே யாரும் திட்டமிட்டு வைத்ததல்ல. 1991-இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 உருவானபோது, சரியான நேரத்தில் அடித்தால் ஒரு அடியோடு இன்னொன்று ஒட்டிக்கொள்வதைத் தயாரிப்புக் குழுவில் கவனித்தார்கள். ஆட்டத்தைக் கெடுக்காது, மறைந்திருக்கும் ஒரு வசதியாக இருக்கட்டும் என்று விட்டுவைத்தார்கள். என் தொழில் பாஷையில் சொன்னால், ஒரு பக்கை ஃபீச்சர் என்று மூடிவிட்டார்கள். அந்த பக்கைத் தெரிந்தவன் பண்டிதன், தெரியாதவன் பாமரன் என்று முப்பது வருஷமாகப் பூணூல் மாட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஸ்வென் என்று நெதர்லாந்தில் ஒருவர். பார்வையில்லாதவர். சத்தத்தை மட்டும் வைத்து ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆடி, டோர்னமென்ட்களில் பார்வையுள்ளவர்களை வீழ்த்தியவர். எதிராளி எவ்வளவு தூரத்தில் இருக்கிறான் என்பதை ஒலியாலேயே தெரிவிக்கும் வசதி ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல் இருக்கிறது. காதுக்கு உதவும் ஒலியைச் சேர்த்தால் கைதட்டுகிறோம், கைக்கு உதவும் பட்டனைச் சேர்த்தால் காறித் துப்புகிறோம். என்ன நியாயம் இது?

*

"சரி பாஸ், சுத்தி வளைக்காம சொல்லுங்க. அப்போ எல்லா கேமும் ஒண்ணுதானா?"

இல்லை. 2013-இல் டைவ்கிக் என்று ஒரு கேம் வந்தது. இரண்டே பட்டன். ஒன்று குதிக்க, ஒன்று உதைக்க. ஒரு அடி பட்டால் ரவுண்ட் முடிந்தது. சண்டை கேமின் எலும்புக்கூட்டை மட்டும் நிறுத்திக் காட்டிய அழகான குறும்பு அது. ஆனால் அதில் ஒருவரையொருவர் வாசிக்கும் பக்கங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். எளிமையே திறமை என்று நான் சொல்ல வரவில்லை.

நான் கேட்பது ஒரே கேள்வி: அந்தக் கஷ்டமான அழுத்தல் எனக்கு ஒரு புது முடிவைத் தருகிறதா, அல்லது வெறும் சுங்க வரியா? மெலீயில் காற்றில் எழும்பி உடனே தரையில் சறுக்கும் வேவ்டாஷ் கஷ்டம். ஆனால் அதைக் கற்றால் முன்னால் போகலாமா, பின்னால் வழுக்கலாமா, அங்கேயே நிற்கலாமா என்று புதிய தேர்வுகள் திறக்கின்றன. அந்தக் கஷ்டத்துக்கு நான் தலைவணங்குகிறேன். கொரியன் பேக்டாஷும் அப்படித்தான், அது தூரத்தின் மேல் கிடைக்கும் அதிகாரம். ஆனால் தரையிறங்கும்போது தோள் பட்டனைத் தட்டும் வேலை? ஏறக்குறைய எப்போதும் அதைச் செய்யத்தான் வேண்டும், செய்யாமலிருக்க ஒரு காரணமும் இல்லை. முடிவு இல்லாத இடத்தில் திறமை எங்கிருந்து வரும்? அது டோல்கேட்.

இந்த அளவுகோலை வைத்து என் பதில்: விர்ச்சுவா ஃபைட்டர். 1993-இல் செகா கொண்டுவந்த முதல் முப்பரிமாணச் சண்டை கேம். மூன்றே பட்டன்கள்: குத்து, உதை, காவல். அகிராவைப் போன்ற ஓரிருவரை விட்டால் கையைப் பெரிதாகச் சோதிக்காது. ஆனால் ஒரு அடியை பிளாக் பண்ணிப் பாதகத்தில் நிற்கும்போது பாருங்கள். காவலிலேயே நின்றால் பிடித்துத் தூக்கி எறிவான். எறிவான் என்று குனிந்தால் நடு உயரத்தில் இடிப்பான். பக்கவாட்டில் விலகினால் வளைந்து வரும் அடியால் வாருவான். முந்திக்கொண்டு அடித்தால் அவன் அடி முதலில் விழும். எல்லாக் கதவுக்கும் அவனிடம் ஒரு சாவி, எந்தக் கதவுக்கு வருவான் என்பது மட்டும்தான் கேள்வி. இது ஒரு ரவுண்டில் பத்து தடவை நடக்கும். ஒளிந்துகொள்ள விரல்வித்தை கிடையாது. தோற்றால், நீங்கள் வாசிக்கப்பட்டீர்கள், அவ்வளவுதான். 2025-இல் கணினிக்கும் வந்துவிட்டது, ஆடிப் பாருங்கள்.

இந்தப் பதிலில் ஒரு ஓட்டை இருக்கிறது, நானே சொல்லிவிடுகிறேன். ஆள் இல்லாத கேம் எவ்வளவு ஆழமாக இருந்து என்ன பயன்? திறமை டிஸ்கில் வருவதில்லை, எதிரில் உட்கார்ந்திருப்பவனிடமிருந்து வருகிறது. 2019 பிப்ரவரியில் ஃபுகுவோகாவில் நடந்த எவோ ஜப்பானில், அர்ஸ்லான் ஆஷ் என்று ஒரு பாகிஸ்தானியர் வந்தார். விசா, விமானம் என்று அலைக்கழிந்து வந்து சேர்ந்தவர். டெக்கன் 7 கோப்பையைத் தூக்கிக்கொண்டு, எங்கள் ஊரில் இன்னும் பலமான ஆட்கள் இருக்கிறார்கள் என்றார். பலரும் அதை அடக்கம் என்று நினைத்தார்கள். கொரியாவின் ஜாம்பவான் நீ பாகிஸ்தானுக்கே போய் ஆடிப் பார்த்தார். (நீ என்றால் முழங்கால், தமிழில் எழுதினால் மட்டும் மரியாதை குறைந்துவிடுகிறது.) அது அடக்கம் இல்லை, தகவல் என்று அப்போது தெரிந்தது. அதே ஆகஸ்டில் லாஸ் வேகாஸ் எவோவின் இறுதியாட்டத்தில் அர்ஸ்லான் அவரையே வென்றார்.

லாகூரில் இருந்ததும் அதே டெக்கன்தான். அதே எலக்ட்ரிக், அதே ஃபிரேம். கூடுதலாக இருந்தது, தினமும் ஒரே ஆர்கேடில் தோள் உரச உட்கார்ந்து ஒருவனை ஒருவன் வாசித்த கூட்டம். வாசலில் கட்டை போட்டிருந்தால் அந்தக் கூட்டம் சேர்ந்திருக்குமா? ஆளை உள்ளே விடாதவன் தன் கேமைக் காப்பாற்றவில்லை, தன்னைத் தோற்கடிக்கக்கூடியவனைத்தான் வெளியே நிறுத்துகிறான்.

*

எடி கோர்டோவைப் பற்றி ஒரு உண்மையைச் சொல்லி முடிக்கிறேன். அவனுடைய சுழல் உதைகளில் பாதி காலுக்கு வருபவை. குனிந்து பிளாக் பண்ணக் கற்றுக்கொண்டால் மொத்த வித்தையும் ஆட்டம் கண்டுவிடும். இது டெக்கனின் முதல் பாடம். பத்து அடி காம்போவை மனப்பாடம் பண்ணிய நான், இரண்டு வருஷம் அதைக் கற்றுக்கொள்ளவே இல்லை. கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் அவன் ஆடுவதும் ஆட்டம்தான் என்று முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். "இது திறமையே இல்லடா" என்று சொல்லிக்கொண்டிருக்கும் வரை எனக்குக் குனிய வேண்டிய அவசியம் வரவில்லை. நின்றுகொண்டே அடிவாங்கினேன்.

போன வாரம் அவனிடம் இதைச் சொன்னேன். "அது எனக்கு அப்பவே தெரியும் மச்சி. நீ குனியமாட்டன்னு தெரிஞ்சுதான் எடியையே எடுத்தேன்" என்றான்.